கிராம்பு கொஞ்சம் தூக்கல்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் அத்தானுக்கு முதுகு வலி, எனக்கு அவர். லீவு முடிந்து போனதுமே காய்ச்சலில் படுத்தாயே, அது முழுசாக விட்டதா? முதலில் அதற்குப் பதில் எழுது.

அடுத்தது, திட்டாமல் படி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பொய் சொல்லி நன்றாக மாட்டிக்கொண்டேன். நீ இங்கே வந்தபோது ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு கேரமல் புட்டிங் செய்தாயே, மிச்சத்தை நான் தையல் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். பட்டன் தைக்கிற எங்கள் பட்டன்காரி ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "யாருக்கா செஞ்சது?" என்று கேட்டாள். என் வாய் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "நான்தான்" என்று சொல்லிவிட்டது. அதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. "ஓட்டல்ல ஸ்வீட் போடறாளே என் தங்கச்சி, அவளுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று அடுத்ததையும் அவிழ்த்துவிட்டது.

இப்போது எங்கள் சூப்பர்வைசர் அம்மா, அதான் நாங்கள் கத்தரி என்று சொல்வோமே அவள், ஜூலையில் வேலையை விட்டுப் போகிறாள். வழியனுப்பும் நாளில் எல்லோருக்கும் நான் அந்தப் புட்டிங்கைச் செய்ய வேண்டுமாம். கத்தரியே வாய்விட்டுக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது "ஏன் லேட்டு?" மட்டும்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுதியே அனுப்பு. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காய்ச்சல் போய்விட்டது. அத்தானை முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல், வாயையும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த குருவே, போன தடவை நான் முட்டையை உடைக்கச் சொன்னதற்கு நீ ஓட்டையும் சேர்த்துக் கிண்ணத்தில் போட்டாய். நினைவிருக்கட்டும்.

அரை லிட்டர் பாலைச் சூடாக்கி, அதில் ஒரு துண்டு பட்டை, நாலு ஏலக்காய், எட்டு கிராம்பு போட்டு மூடி வை. நாலு முட்டையை அரைக் கிண்ணம் சர்க்கரையோடு கலக்கு; நுரைக்க அடிக்காதே. பாலை ஆறவிட்டு வடிகட்டி முட்டையில் ஊற்று. இன்னொரு அரைக் கிண்ணம் சர்க்கரையை வெறும் சட்டியில் உருக்கி, பழுப்பானதும் தகர டப்பாவின் அடியில் ஊற்றிப் பரப்பு. அதன் மேல் பால் கலவை. டப்பாவை மூடிக் கொதிநீருக்குள் வைத்து மெல்லிய தீயில் வேகவிடு. நன்றாக ஆறிய பிறகு தட்டில் கவிழ். அவ்வளவுதான்.

இங்கே ஸ்வீட் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் போகிறார். அந்த இடம் எனக்கா, ரொட்டிக்காரருக்கா என்று எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜூன் கடைசியில் ருசி பார்த்து முடிவு செய்வார். கரண்டி என்று நாங்கள் சொல்கிறவர். நான் வைக்கப்போவதும் இதே புட்டிங்தான். பதினோரு வருஷமாக இந்த இடத்துக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அதனால் சும்மா சும்மா எழுதிக் குடையாதே.

அன்புடன்,
உன் சின்னவள்


மார்ச் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் "நலம்" ரொம்பச் சின்னதாக இருக்கிறது. காய்ச்சலுக்கு அப்புறம் பசி எடுக்கிறதா?

உனக்கு அந்த இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நான் வந்து கரண்டியிடம் பேசுகிறேன். சரி, அது இருக்கட்டும்.

செய்தேன். ஒரு துண்டு பட்டை என்றால் எத்தனை இஞ்ச் என்று நீ எழுதவில்லை. டேப்பை வைத்து மூன்று இஞ்ச் வெட்டினேன். சர்க்கரை பழுப்பாகட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பழுப்பு வந்தது, போனது. கறுப்பு வந்தது, போகவில்லை. புதுசாக உருக்கி ஊற்றினேன். "மெல்லிய தீ" என்று நீ எழுதியதை அத்தான் படிக்காமலே "வேகமா முடியட்டும்" என்று கூட்டிவைத்துவிட்டார். டப்பா உள்ளே தடதடவென்று ஆடியது.

திறந்து பார்த்தால் புட்டிங் முழுக்க ஓட்டை, பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி. கவிழ்த்தேன், வரவில்லை. தட்டினேன், வரவில்லை. அத்தான் தட்டினார், பாதி வந்தது. மீதிப் பாதி இன்னும் அந்த டப்பாவோடுதான் குடும்பம் நடத்துகிறது.

வந்த பாதியைத் தின்றோம். நாக்கு மரத்துவிட்டது. உன் அத்தான் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எந்தப் பல்லைப் பிடுங்கினாங்க?" என்று கேட்டார். கிராம்பு எட்டா? கை தவறி எழுதிவிட்டாயா?

பதில் போடு.
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானை அடுப்புப் பக்கம் விடாதே.

ஓட்டை விழுந்தது தீயால். தண்ணீர் கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும். மூடியில் சேரும் ஆவி உள்ளே சொட்டாமல் இருக்க, டப்பாவின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டு. வெள்ளை என்று எழுதியிருக்கிறேன். உன் கம்பெனியின் நீலத் துணியைக் கட்டிவிட்டு என்னைக் கேட்காதே. கவிழ்ப்பதற்கு முன் ஓரம் முழுக்க மெல்லிய கத்தியை ஓட்டு.

சர்க்கரைக்கு: இந்தக் கடிதத்தோடு ஒரு பழுப்புத் தாள் துண்டை ஊசியில் குத்தி வைத்திருக்கிறேன். அந்த நிறம் வந்ததும் இறக்கு. அதற்கு மேல் ஒரு நொடி கூட நிற்காதே.

கிராம்பு எட்டுதான். கை தவறவில்லை. எனக்கு அதுவும் போதவில்லை. நான் இங்கே பத்து போடுகிறேன். உனக்கு நாக்கு மரத்தது என்றால் மூன்று இஞ்ச் பட்டையால் இருக்கும். யார் டேப்பை வைத்துப் பட்டை வெட்டுவார்கள்?

சமையலறையில் ஒருவர் மாற்றி ஒருவர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். நீயும் ஆரம்பிக்காதே.

உன் சின்னவள்


ஏப்ரல் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? போன இரண்டு கடிதத்திலும் கேட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை. இங்கே நலம். அத்தானின் முதுகு இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குக் குடிபோய்விட்டது.

முதலில் நல்ல செய்தி. இந்தத் தடவை ஒரு ஓட்டை இல்லை. கத்தியை ஓட்டிக் கவிழ்த்தேன். தொப்பென்று முழுசாக விழுந்து, கொஞ்சம் ஆடி, நின்றது. நிறம் உன் தாள் துண்டு மாதிரியே அச்சு அசல். கைதட்டினேன். எனக்கு நானே.

அடுத்தது வாயில் வைத்தோம். பட்டையை ஒரு இஞ்ச்தான் போட்டேன், சத்தியமாக. அதே கதை. பட்டன்காரிக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன். கண்ணை மூடுவாள் என்று பார்த்தால், திறந்த கண் திறந்தபடி இருந்தது. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பல்வலின்னா இதைத்தான் வைப்போம்" என்றாள். அன்றைக்கு உன் கையால் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நீ இங்கே செய்தபோது எட்டு கிராம்பு போட்ட மாதிரி எனக்கு நினைவில்லை. கோபம் வருகிறது எனக்கு.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அன்றைக்கு நீ கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டித் தலை வாரிக்கொண்டிருந்தாய். அங்கிருந்தபடியே "அக்கா, இறக்கு, இறக்கு!" என்று கத்தினாய். அடுப்பை ஒட்டி நின்று சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனையை வைத்தே சொல்கிறவள், இப்போது எனக்கு நிறத்தைத் தாளில் வெட்டி அனுப்புகிறாய்.

இந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஒன்று தேய்த்திருக்கிறேன். முகர்ந்து பார்த்து என்னவென்று எழுது. சும்மா, விளையாட்டுக்கு.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், வேலை. நலம். நலமா, நலமா என்று ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டாம்.

இந்த வாரம் இரண்டு மேஜையிலிருந்து புட்டிங் தட்டு அப்படியே திரும்பி வந்தது. கிராம்பு தூக்கலாம். கரண்டி என் எதிரில் நின்று ஒரு ஸ்பூன் தின்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ருசி பார்க்கும் நாளுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீ சொல்லத் தேவையில்லை. நீயும் கிராம்பு, உன் பட்டன்காரியும் கிராம்பு.

தாளில் தேய்த்திருப்பது ஏலக்காய். நல்ல மணம். போதுமா? இந்த வயதில் என்ன விளையாட்டு?

உன் சின்னவள்


மே 13

சின்னவளே,

அது பூண்டு.

நசுக்கி, சாறு தாளில் இறங்குகிற வரைக்கும் ஓரம் முழுக்கத் தேய்த்தேன். தபாலில் முத்திரை குத்துகிறவர் கவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் குத்தினார். கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி என் கையை மோந்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

அந்தக் காய்ச்சலிலிருந்தா?

இந்த ஒரு கடிதத்தில் மட்டும் கேலி செய்ய மாட்டேன். எழுது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

உன் கடிதத்தை மேஜையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு இத்தனை நாள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆமாம். காய்ச்சலிலிருந்து. விட்ட அன்றைக்குக் காபி போட்டேன். வெந்நீர் மாதிரி இருந்தது. தூள் பழசு என்று புதுசு வாங்கினேன். அதுவும் வெந்நீர். சோப்பு, பழம், என் தலையணை, ஒன்றுக்கும் வாசனை இல்லை. இனிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது. மற்றதெல்லாம் யாரோ கதவைச் சாத்திவிட்டது போல.

கிராம்பு மட்டும் நாக்கை மரக்கவைக்கும். அதனால்தான் அது இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. மரக்கிற வரைக்கும் போட்டேன். எட்டு, பத்து. உனக்கு எழுதும்போதும் அதே அளவு. உன்னை ஏமாற்ற எழுதவில்லை, அக்கா. எனக்கு அதுதான் சரியாக இருந்தது.

இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஸ்வீட் பிரிவுக்குப் பொறுப்பு என்ன, பாத்திரம் கழுவக்கூட வைத்துக்கொள்வார்களா தெரியாது. வாசனை தெரியாத சமையல்காரியை வைத்து என்ன செய்வார்கள்? ருசி பார்க்கும் நாள் வரைக்குமாவது ஓட்டிவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்ததில் கோபம்தான் வந்தது. அப்புறம் கொஞ்சம் தூங்கினேன்.

கேலி செய். கேலி செய்யாத உன் கடிதம் பயமாக இருக்கிறது.

சின்னவள்


ஜூன் 7

அன்புள்ள சின்னவளுக்கு,

அழுதேன். ஒரு திரைச்சீலை ஓரம் முழுக்கக் கோணல். கத்தரி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஓடற ஆறா?" என்று கேட்டாள். சரி, அது முடிந்தது. இப்போது திட்டப்போகிறேன், உட்கார்.

கூறு கெட்டவளே, உன் அறையில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஓட்டலில் உன்னைச் சுற்றி வரிசையாக அடுப்பு. ஒரு குழாய் கசிந்தால் பக்கத்தில் நிற்கிறவன் ஓடுவான். நீ சர்க்கரையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். இத்தனை மாதமாகத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்! புட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது. வேலை போனால் இங்கே வா, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லித்தருகிறேன். நீ போய்விட்டால் யாரைக் கேலி செய்வேன் நான்?

இப்போது அளவு. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு விதமாகச் செய்து கொண்டுபோய் வைத்தேன். தைக்கிற எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போட்டுப் பார்த்து, இறுக்கிப் பிடித்தால் பிரித்து, மறுபடி தைப்பது. அப்படியே குறைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு கிராம்பில்தான் பட்டன்காரி பழையபடி கண்ணை மூடினாள். ஏலக்காய் நாலே இருக்கட்டும். பட்டை ஒரு இஞ்ச். சிரிக்காதே, டேப் வைத்துத்தான் வெட்டினேன்.

இந்த அளவு உனக்கு. ஆனால் இதை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு ருசி நாளில் ஜெயித்துவிடாதே. ஜெயித்தால் அப்புறம் வருஷம் பூரா ஒளித்துவைக்க வேண்டும், அடுப்புக்கு நடுவில் நின்றுகொண்டு. முதலில் கரண்டியிடம் சொல்.

வெட்கமாக இருந்தால், நான் முந்திக்கொண்டேன் என்று நினைத்துக்கொள். அந்த நாலு தட்டையும் வைத்துக்கொண்டே, "உண்மையில செஞ்சது என் தங்கச்சிதான், அவதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பட்டன்காரி தலைகூட நிமிரவில்லை. "அன்னைக்கே தெரியும்க்கா. உங்க டீயைக் குடிச்சவங்கதானே நாங்க" என்றாள்.

டாக்டரிடம் போ. போனதை எழுது.
அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இல்லை, ஆனால் பரவாயில்லை. இதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன். அத்தானின் முதுகு இப்போது எந்தப் பக்கம்?

சொல்லிவிட்டேன். ருசி நாளுக்கு முந்தின நாள், காலை வேலை முடிந்ததும். கரண்டி நேராகப் போய் என் அடுப்பின் கேஸ் வால்வை மூடினார். பிறகு திரும்பி, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஜனவரியிலேர்ந்து."

"ஜனவரியிலேர்ந்து இந்த அடுப்பு முன்னாடி! உனக்கு மூக்கு போச்சு, சரி. வாயுமா போச்சு? ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

சமையலறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். வெங்காயம் நறுக்குகிறவர் நறுக்குவதை நிறுத்திவிட்டார். பிறகு, "நாளைக்கு நீ வைக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருஷம். ஸ்வீட் பிரிவு ரொட்டிக்காரருக்குப் போய்விட்டது. அன்றைக்கு அறைக்கு வந்து உன்னைத்தான் திட்டினேன், ரொம்ப நேரம், சத்தமாக.

ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. என் பக்கத்தில் இன்னொருவர் நிற்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு. அறைக்கு மின்சார அடுப்பு வாங்கிவிட்டேன். உன் அளவில் புட்டிங் செய்கிறேன். தட்டு திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் ரொட்டிக்காரர் ருசி பார்க்க வேண்டும். நல்ல மனிதர், ஆனால் "ம்" என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டார். "ஏலக்காய் தெரியுதா?" "ம்." "கூடவா, குறைவா?" "ம்." அந்த ஆளின் வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைப்பதற்குள் என் பிராணன் போகிறது. உன் பட்டன்காரியைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பு.

டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து, அது எப்படி மணக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டுமாம். பைத்தியக்காரி மாதிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முகர்கிறேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

நேற்று கீழ் வீட்டில் ஏதோ கருகியது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். எதிர் வீட்டுக்காரர் கத்தினார், மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அதற்கப்புறம், மூன்றாவதாக, எனக்குத் தெரிந்தது. அவர்கள் சொன்னதால் தெரிந்ததா, உண்மையிலேயே தெரிந்ததா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். இருந்தாலும் படியில் இறங்கிப் போய் அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

உன் சின்னவள்


ஜூலை 15

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலம். நீ "நலமாக இல்லை" என்று எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. முதுகு இப்போது நடுவில்.

அந்த இடம் போனதுக்கு நான்தான் காரணம். திட்டியது போதாது என்றால் இன்னும் திட்டு, பதில் பேச மாட்டேன். பேசினால் ஒரு வார்த்தைதான்: நீ இருக்கிறாய். ரொட்டிக்காரர் நாலு தடவை "ம்" சொன்னால் ஒரு "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே பிடிபட்டுவிடும். உன் அத்தானோடு நான் இருபது வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அடுத்த தடவை எங்காவது கருகினால் வாசலில் நிற்காதே. உள்ளே போய் எது கருகியது என்று கேள். கருகினது உப்புமாவா, பாலா என்று தெரிந்தால்தானே மூக்குக்கு மார்க் போட முடியும்?

கத்தரியை நேற்று வழியனுப்பினோம். புட்டிங் மூன்று டப்பா. இரண்டு கிராம்பு, ஒரு இஞ்ச் பட்டை, வெள்ளைத் துணி. மூன்றும் தட்டில் முழுசாக இறங்கின. வெட்டுகிற மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, கத்தரி வருகிற வரைக்கும் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, நாலு தட்டு ருசி பார்த்தவர்களுக்கு முடிவு தெரிய வேண்டாமா? "மூன்றாவதாக, எனக்குத் தெரிந்தது" என்கிற இடத்தில் பட்டன்காரி அழ ஆரம்பித்தாள். அழுகிறவள் கன்னத்தில் கை வைக்க வேண்டும் அல்லவா, வைத்தாள். கைக்கு மேஜையில் ஊன்ற இடம் வேண்டும் அல்லவா, ஊன்றினாள்.

நடுப் புட்டிங்கில் ஊன்றியிருந்தாள். கடிதம் முடிகிற வரைக்கும் அவளும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. கையை எடுத்தபோது முழங்கையின் அச்சு சுருக்கம் உட்படத் தெளிவாக விழுந்திருந்தது. நன்றாக இறுகியிருந்த புட்டிங், அதனால் கலையவில்லை. பள்ளத்தில் கேரமல் தேங்கி நின்றது. மற்ற இரண்டையும் எங்களுக்கு வெட்டிக்கொண்டு, அதைக் கத்தரியின் முன்னால் வைத்தோம். நடுவில் இந்தக் குழி எதற்கு என்று கேட்டாள். ஓட்டலில் இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னேன். பள்ளத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள்.

அக்கா